இஸ்திரிக்காரம்மாவின் பல்வரிசை

நாமெல்லாம் மனிதர்களை முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வோம். சின்னவள் வாயை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வாள். எதிரில் இருப்பவர் என்ன பேசுகிறார் என்பது காதில் ஏறுவதற்குள், மேல்வரிசையில் ஒரு பல் உள்ளே தள்ளியிருப்பது அவள் கண்ணில் பட்டுவிடும். பெரிய அக்காளின் கல்யாணத்தில், புது மாப்பிள்ளை எப்படி என்று யாரோ ஆசையாகக் கேட்க, "கடைவாய்ப் பல் ரெண்டு அடைச்சிருக்கார்" என்று சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

மூன்று பெண்களில் கடைசி. அதனால்தான் சின்னவள். மூத்தவள் வாயாடி, நடுவிலவள் பிடிவாதக்காரி. அவர்கள் இருவரும் பேசி முடித்த பிறகு மிச்சமிருக்கும் நேரத்தில்தான் இவள் பேச வேண்டும். அப்படி மிச்சம் என்று ஒன்று இருந்ததே கிடையாது. ஆகவே கேட்காமலே வளர்ந்தாள். அக்காக்கள் போட்டுக் கழித்த சட்டையைப் போட்டுக்கொண்டாள், தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டாள், ஏன் என்று யாரையும் கேட்டதில்லை.

படிப்பு முடிந்ததும் மருந்துக்கடை மாடியில் இருந்த பல் லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் சுபாவத்துக்கு அளவெடுத்துத் தைத்த வேலை அது. அங்கே மனிதர்கள் வரமாட்டார்கள். அவர்கள் வாயின் பிளாஸ்டர் அச்சு மட்டும் டப்பாவில் வரும். அதன் மேல் மெழுகில் பல் செட் கட்டி, நேர் பார்த்து, இழைத்து, மெருகேற்றி அனுப்ப வேண்டும். அச்சு பேசாது. இவளும் பேசமாட்டாள். இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று. அவள் கட்டிய பல்வரிசை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல இருக்கும் என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தப் பெயர்தான் அவளைக் கடல் தாண்ட வைத்தது. லேப் முதலாளி எழுதிப்போட்டு, வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் ஒரு வருஷப் படிப்புக்கு இடம் கிடைத்தது. மனிதரை நேரில் உட்காரவைத்து, அளவெடுத்து, பல் கட்டிப் பொருத்துகிற படிப்பு. பாஸ் செய்து திரும்பினால் சொந்தமாகப் போர்டு மாட்டலாம். தவறினால் மறுபடி மாடி லேபும் டப்பாவும்தான். லீவு ஒரு வருஷத்துக்கு மேல் கிடையாது என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

தையல்காரரான அப்பா, குளிர் ஊராயிற்றே என்று உள்ளே பஞ்சு வைத்து ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அவள் நடந்தால் தலையணைக்குக் கால் முளைத்ததுபோல இருக்கும். விமான நிலையத்தில் அம்மா அழுத அழுகையைப் பார்த்து, முன்பின் தெரியாத ஒரு குடும்பமே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

போய் இறங்கிய இடத்தில் அவளோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டவர்கள் இரண்டு பேர். வேறு வேறு தேசத்துப் பிள்ளைகள். மூவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு பொது மொழியில்தான் பேச்சு. ஆனால் கொஞ்ச நாளிலேயே அது அவள் மனசுக்குள் தமிழாகவே விழ ஆரம்பித்துவிட்டது. நாமும் அவள் காதாலேயே கேட்போம்.

ஒருத்தி, ஓட்டல் நிர்வாகம் படிக்க வந்தவள். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவாள். சின்னவள் அவளுக்கு மனசுக்குள் நெட்டை என்று பெயர் வைத்து, ஒருநாள் வாய் தவறிக் கூப்பிட்டும்விட்டாள். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்தப் பெண்ணுக்கு அந்தச் சொல் பிடித்துப்போய், அதையே வைத்துக்கொண்டாள். இன்னொருவன் கணக்குப் படிக்கிற பையன். கழுத்தில் மப்ளர், காலில் கம்பளி உறை, இருட்டியதும் படுக்கை, எதைப் பார்த்தாலும் காலம் கெட்டுப்போச்சு என்ற முணுமுணுப்பு. வயசு என்னவோ இருபத்திரண்டுதான். அவனுக்குத் தாத்தா என்பதைத் தவிர வேறு பெயர் பொருந்தவே இல்லை.

முதல் வாரம் முழுக்கச் சின்னவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். ஒருநாள் கதவு தட்டப்பட்டது.

"அங்க அழுதா தண்ணி வீணாகுது," என்றது நெட்டையின் குரல். "சமையலறைக்கு வந்து அழு. இங்க டீயாவது இருக்கு."

அழுத முகத்தோடு வெளியே வந்தவள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதுதான் பார்த்தாள், நெட்டையின் முன்பற்களுக்கு நடுவே ஒரு அழகான சந்து இருந்தது.

அந்தச் சமையலறைதான் அவர்கள் உலகம். வீட்டிலிருந்த ஒரே ஹீட்டர் அங்கேதான், ஜன்னலுக்குக் கீழே சுவரோடு சுவராகப் பதித்திருந்தது. கல்லூரியிலிருந்து வந்ததும் சின்னவள் அப்பாவின் கோட்டோடு அதன் மேல் சாய்ந்து நின்றுகொள்வாள். அடைகாக்கிற கோழி வந்துவிட்டது என்பான் தாத்தா. அளவெடுத்துப் பழக அவளுக்கு வாய்கள் தேவைப்பட்டபோது இரண்டு பேரும் வாயைத் திறந்து கொடுத்தார்கள். அச்செடுக்கும் பசை நிரப்பிய தட்டைத் தாத்தாவின் வாயில் வைத்து அழுத்தியதும் அவன் கண்ணில் தாரை தாரையாக நீர் கொட்டியது. தன் புத்தகங்களை நெட்டைக்குக் கொடுத்துவிடும்படி கடைசி ஆசையைக் கையாலேயே காட்டினான். அந்த அச்சுகள் அலமாரியில் வரிசையாக நின்றன. தாத்தாவின் பிளாஸ்டர் பற்களுக்கு நடுவேதான் வீட்டுச் சாவி கடிபட்டுத் தொங்கும். ஊரில் வாய் திறக்காத பெண் இங்கே சமையலறையில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பெயர் வைத்துக் கேலி செய்கிறாள் என்று தெரிந்தால் அவளுடைய அக்காக்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

வருஷக் கடைசியில் வந்தது அந்தப் பரிட்சை. பல்லே இல்லாத ஒருவரைத் தேடிப் பிடித்து, முழு செட் கட்டவேண்டும். மெழுகு நிலையிலேயே அதை அவர் வாயில் பொருத்திப் பார்ப்பார்கள். ஒருமுறை வாத்தியாரம்மா முன்னால், இன்னொரு முறை வெளியிலிருந்து வரும் பரிட்சைக்காரர் முன்னால். கடைசியில் அந்த மனிதர் தம் வாயாலேயே எனக்குச் சம்மதம் என்று சொல்லவேண்டும். அவர் சொல்லாவிட்டால் தேர்ச்சி இல்லை.

ஆள் தெரியாத ஊரில் பல் இல்லாதவரை எங்கே போய்த் தேடுவது? சின்னவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது நெட்டைதான் கைகொடுத்தாள். சாயங்காலங்களில் அவள் ஒரு சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை பார்த்தாள். அங்கே இஸ்திரி போடுகிற அம்மாள் ஒருவர். நோய் வந்து மூன்று வருஷமாகப் பல் இல்லை. வாய்க்கு முன்னால் கையை வைத்துக்கொண்டுதான் பேசுவார். அவரிடம் நாள் கணக்கில் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்து, பஸ் டிரைவரான அவர் கணவரின் பஸ்ஸிலேயே கல்லூரி வாசலில் கொண்டுவந்து இறக்கினாள்.

எந்த மாதிரிப் பல் வேண்டும் என்று கேட்பது வழக்கம். இஸ்திரிக்காரம்மா கைக்குப் பின்னாலிருந்து, எதைக் கொடுத்தாலும் சரி என்றார். சின்னவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டுத்தான் பழக்கமே இல்லையே. மாடி லேபில் கட்டியதுபோலவே கட்டினாள். ஸ்கேல் வைத்த கோடு. முதல் முறை பொருத்தியபோது வாத்தியாரம்மா புருவத்தை உயர்த்தி, இந்த வருஷத்திலேயே இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்க்கவில்லை என்றார். இஸ்திரிக்காரம்மா கண்ணாடியில் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொன்னார். சொல்லிவிட்டு, கையை எடுத்து வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

அந்தக் கையைச் சின்னவள் பார்த்தாள். பார்த்தும் பாராததுபோல மெழுகை டப்பாவில் எடுத்து வைத்தாள்.

பரிட்சை திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை, ஈறுப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் வழவழப்பாக்கலாம் என்று வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தாடைபோலத் திறந்து மூடுகிற இரும்புச் சட்டத்தில் மேலும் கீழுமாகப் பல்வரிசை. மெழுகுக்குக் குளிர்ச்சி வேண்டும். வீட்டிலேயே குளிர்ந்த இடம் எது? பனிக்காற்று மோதுகிற ஜன்னல் விளிம்பு. அங்கே பத்திரமாக வைத்துவிட்டு, மெழுகுக் கத்தி ஒன்றை மறந்துவிட்டதால் கல்லூரிக்கு ஓடினாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது.

ஹீட்டர் அணைந்திருக்கும்வரைதான் அந்த ஜன்னல் விளிம்பு வீட்டின் குளிர்ந்த இடம். போட்டுவிட்டால் அதைவிடச் சூடான இடம் வீட்டில் கிடையாது.

அவள் நனைந்து திரும்பியபோது சமையலறை கதகதவென்று இருந்தது. ஜன்னலோரத்தில் இளஞ்சிவப்பு மெழுகு வழிந்து சட்டத்தின் காலைச் சுற்றிக் குளம்போல நின்றது. பற்கள் அதில் சேற்றில் கொட்டிய சோழிகள்போலக் கிடந்தன.

"யாரு ஹீட்டரைப் போட்டது?"

"நான்தான்," என்றாள் நெட்டை. கையில் உலர்ந்த துண்டு வைத்திருந்தாள். "நனைஞ்சு வருவியேன்னு முழுசாத் திருப்பி விட்டேன். குளிருமேன்னு..." அப்போதுதான் அவளும் ஜன்னலைப் பார்த்தாள். துண்டு கீழே விழுந்தது.

"உன்கிட்ட நான் கேட்டேனா?"

நெட்டை ஜன்னலுக்கு ஓடினாள். திரும்பக் கட்டிவிடலாம், நானும் கூட இருக்கிறேன் என்று என்னென்னவோ சொன்னாள். பதற்றத்தில், சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததும் வெளியே வந்துவிட்டது. "எப்படியும் அந்தம்மாவுக்கு அது அவ்வளவாப் பிடிக்கல. என்கிட்ட சொன்னாங்க. பரிட்சை நேரத்துல உன்னைக் கலக்க வேணாமேன்னுதான் சொல்லல."

சின்னவள் இத்தனை வருஷம் பேசாமல் சேர்த்துவைத்த கோபமெல்லாம் ஒரே வாக்கியமாகத் திரண்டு வந்தது.

"ஓ. அதனாலதான் ஹீட்டரைப் போட்டியா?"

நெட்டை முகம் வெளுத்து, கோட்டை எடுத்துக்கொண்டு, வாசலில் குனியக்கூட மறந்து தலையை நிலையில் இடித்துக்கொண்டு, மழையில் இறங்கிப் போனாள்.

தாத்தா மெதுவாக மப்ளரைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "இந்த ஊர்ல உனக்குன்னு ஒரு வாயைத் தேடிக் கொண்டுவந்தது யாரு? கெடுக்கறதுக்கா அவ அவ்வளவு அலைஞ்சா?" என்று மட்டும் கேட்டான். பிறகு ஒரு கரண்டியை எடுத்து மெழுகிலிருந்து பற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே அவற்றைத் துடைத்து வைத்தாள்.

மறுநாள் காலை சலவைக்கூடத்துக்குப் போனாள். நீராவியும் சோப்பு வாசனையும் முகத்தில் அடித்தன. நெட்டை ஒரு பெரிய படுக்கை விரிப்பைத் தனியாக மடிக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தாள். கூட மடிக்கிறவள் அன்று வரவில்லை. சின்னவள் எதிர்முனைகள் இரண்டையும் பிடித்தாள். நெட்டை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் விரிப்பை இழுத்து உதறினாள். இவளும் உதறினாள். பாதியாக மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, முனையோடு முனை சேர்க்கும் இடத்தில் விரல்கள் தொட்டுக்கொண்டன.

"மன்னிச்சிடு," என்றாள் சின்னவள்.

நெட்டை விரிப்பை வாங்கி அடுக்கின் மேல் வைத்தாள். அடுத்ததை எடுத்து ஒரு முனையை அவள் கையில் திணித்தாள். "இது மாதிரி இன்னும் ஒரு மலை இருக்கு. மன்னிக்கறதா வேணாமான்னு மடிச்சு முடிச்சப்புறம் பார்ப்போம்." ஆனால் முன்பல் சந்து தெரிந்துவிட்டது. சின்னவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மலை கரைந்த பிறகு இருவருமாக இஸ்திரி மேஜைக்குப் போனார்கள். சின்னவள் வாழ்க்கையில் முதல்முறையாக, எதிரில் நிற்கும் ஒருவரிடம் நேராகக் கேட்டாள்.

"அம்மா, நான் கட்டின பல்லு உங்களுக்குப் பிடிக்கலையா?"

இஸ்திரிப்பெட்டி ஒரு சட்டைக் காலரின் மேல் போய் வந்தது. "பல்லு நல்லாத்தான் இருக்கு," என்றார் அந்த அம்மாள் கைக்குப் பின்னாலிருந்து. "யாரோ பெரிய ஸ்கூல் டீச்சரோட பல்லு மாதிரி. கண்ணாடியில பாத்ததும் எழுந்து நின்னு வணக்கம் சொல்லலாமான்னு தோணிச்சு."

நெட்டை சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். உங்கள் பல் எப்படி இருந்தது என்று சின்னவள் கேட்டாள். அந்த அம்மாள் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலின் மேல் நடுவிரலை ஏற்றிக் காட்டினார். மேல்வரிசை முன்பல் இரண்டும் அப்படித்தான், ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டதுபோல இருந்ததாம். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்காரருக்கு அந்தப் பல்தான் பேச்சு. இந்தப் பல்லை வைத்தே ரொட்டி அறுக்கலாமே, கத்தி எதற்கு என்பாராம். இந்த அம்மாளும் சும்மா விடமாட்டாராம். உன் மூக்கில் மாட்டித்தானே வீட்டில் சட்டை தொங்குகிறது என்பாராம். சண்டைபோல ஆரம்பித்துச் சிரிப்பில்தான் முடியுமாம்.

"இந்த மூணு வருஷமா ஒரு கிண்டல் இல்ல," என்றார். "என்னைப் பாவம்னு நெனச்சுட்டாரு. ரொம்ப மரியாதையா நடத்தறாரு."

மரியாதை என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. சின்னவள் அந்த நீராவியில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாயைத்தான் இத்தனை நாள் பார்த்திருக்கிறோம், வாய்க்குச் சொந்தக்காரரைப் பார்க்கவே இல்லையே என்று அவளுக்கு உறைத்தது.

அன்று மத்தியானம் முழுக்கச் சமையலறையில் வேலை. ஹீட்டரைத் தாத்தா தொடவிடவில்லை. மூன்று பேரும் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பல் கட்டுவது அவள் மட்டுமே செய்யவேண்டிய வேலை. மற்ற இருவருக்கும் வேறு வேலை இருந்தது: சிரிப்பது. உயிருள்ள பல்வரிசை சிரிக்கும்போது எப்படி வளைகிறது, எது முந்துகிறது, எது ஒளிகிறது என்று அவள் பார்க்கவேண்டுமாம். கட்டளைக்குச் சிரிக்க வராமல் திண்டாடினார்கள். பிறகு நெட்டை, பசைத் தட்டோடு தாத்தா உயில் எழுதிய காட்சியை நடித்துக் காட்டினாள். அதற்கப்புறம் நிறுத்தச் சொல்லித்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. பொழுது சாய்வதற்குள் புதிய பல்வரிசை இரும்புச் சட்டத்தில் நின்றது. முன்பல் இரண்டும் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றன.

திங்கட்கிழமை. பரிட்சைக்காரர் மெலிந்த மனிதர். சட்டைப்பையில் சின்ன ஸ்கேல் வைத்திருந்தார். கடி சரியாக இருக்கிறதா, பேச்சு சுத்தமாக வருகிறதா என்று பார்த்தார். பிறகு ஸ்கேலை முன்பல்லுக்கு நேராகப் பிடித்தார். பிடித்தவர் பிடித்தபடியே நின்றார்.

"ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருக்கே. கவனிக்கலையா?"

வாத்தியாரம்மா முகம் சுருங்கிவிட்டது. சின்னவள் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் நாக்கு இருந்த இடத்தில் இருந்தது.

"கவனிச்சுத்தான் வெச்சிருக்கேன் சார். அது அவங்க பல்லு. நான் முதல்ல கட்டினதுதான் தப்பு."

அவர் இஸ்திரிக்காரம்மாவிடம் கண்ணாடியைக் கொடுத்து, நேராக்கச் சொல்லவும் உரிமை உண்டு, சம்மதமா இல்லையா என்று கேட்டார். அந்த அம்மாள் கண்ணாடியை முகத்தருகே கொண்டுபோனார். உதட்டை லேசாகப் பிரித்தார். இன்னும் கொஞ்சம் பிரித்தார். சின்னவள் பல்லைப் பார்க்கவில்லை, மடியில் கிடந்த அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எழும்புமோ, வாயை மூடுமோ என்று அவள் உயிரே அந்த ஐந்து விரலில் தொங்கியது.

கை எழும்பியது. வாய்க்குப் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"எதுக்கு நேராக்கணும்?" என்றார் அவர், வாய் நிறையச் சிரித்தபடி. "காணாமப் போனதே இதுதானே. எனக்குச் சம்மதம்."

பரிட்சைக்காரர் ஸ்கேலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாஸ் என்றார். வெளியே வராந்தாவில் தாத்தாவோடு நின்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த நெட்டை போட்ட கூச்சலில், பக்கத்து அறையில் பல் பிடுங்கப் படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம்.

அதற்கப்புறம்தான் வந்தது வம்பு. மெழுகுப் பல்லைத் திருப்பிக் கொடுத்தால்தானே கெட்டிப் பல்லாக மாற்ற முடியும்? சின்னவள் டப்பாவை நீட்டினாள். இஸ்திரிக்காரம்மா வாயை இறுக்க மூடிக்கொண்டார். வீட்டுக்காரரிடம் காட்டாமல் கழற்றமாட்டேன் என்று தலையை ஆட்டினார். மெழுகு, வாய்ச் சூட்டில் இளகிவிடும் என்று வாத்தியாரம்மா எடுத்துச் சொன்னார். அந்த அம்மாள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "குளிர்ல நின்னா இளகாதுல்ல?"

ஆகவே அந்த வினோத ஊர்வலம் கல்லூரி வாசலுக்குக் கிளம்பியது. முன்னால் வாயைத் திறந்து குளிர்காற்றை விழுங்கிக்கொண்டு இஸ்திரிக்காரம்மா; பக்கத்தில் வாய் கொப்பளிக்க ஐஸ் தண்ணீர்க் குவளையோடு நெட்டை; பின்னால் டப்பாவோடு சின்னவள்; கடைசியில், குளிருமே, அந்த அம்மாவுக்கு வேண்டுமா என்று மப்ளரை நீட்டிக்கொண்டே தாத்தா. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் விலகி இடம் விட்டார்கள். சற்றுத் தள்ளி, தமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல வாத்தியாரம்மாவும் வந்து நின்றுகொண்டார்.

பஸ் வந்தது. கதவு திறந்தது. டிரைவர் மரியாதையாகத் தலையை ஆட்டி, வேலை முடிந்ததா என்று கேட்கப்போனவர், அப்படியே நின்றுபோனார். அந்த அம்மாள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கையைக் கீழே தொங்கவிட்டபடி, அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் எஞ்சினை அணைத்தார். பஸ்ஸுக்குள் யாரோ என்னவென்று கேட்டார்கள். அவர் காதில் விழவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். பெரிய மூக்கு சிவந்துபோயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரொட்டி அறுக்கற கத்தியெல்லாம் பஸ்ல கொண்டுவரக்கூடாது," என்றார்.

"உன் மூக்கை முதல்ல இறக்கி வெச்சுட்டு என்னைச் சொல்லு," என்றார் அந்த அம்மாள்.

பஸ் கிளம்ப நேரமாகும்போலத் தெரிந்தது. தாத்தா உள்ளே ஏறி, பயணிகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பெரிய மனுஷத் தோரணையில் சொல்லிவிட்டு வந்தான். நெட்டை அழுதுகொண்டே சிரித்தாள். குவளைத் தண்ணீர் பாதி சின்னவளின் பஞ்சுக் கோட்டில் கொட்டியது. சின்னவள் டப்பாவைத் திறந்து ஒருமுறை நீட்டிப் பார்த்தாள். படியில் நின்ற இருவரும் அடுத்த வசைக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். டப்பாவை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளும் நெட்டையின் தோளில் எட்டிக் கைபோட்டபடி அந்தச் சண்டையைக் கேட்க ஆரம்பித்தாள்.